மருந்தாளுநரின் நான்கு வினைகள்: மருந்தியல் பட்டதாரிகளின் பணித்தேர்வுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

மருந்தியல் படித்து முடிக்கும் மாணவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்கும் கருத்தாய்வுகள் இந்தியாவில் ஏராளம். வினாத்தாளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஊதியம், பணிப் பாதுகாப்பு, குடும்பத்தின் விருப்பம், சொந்த ஆர்வம், சமூக மதிப்பு, வெளிநாட்டு வாய்ப்பு ஆகியவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துமாறு மாணவர் கேட்கப்படுகிறார், அவரும் வரிசைப்படுத்துகிறார். ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கும் அந்த வினாத்தாள், தேர்ந்தெடுக்க என்ன இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

பி.ஃபார்ம். முடித்த ஒருவர் மருந்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் போவது அரிது. தொழிற்சாலை, விற்பனைத் துறை, எம்.ஃபார்ம்., மென்பொருள் நிறுவனமொன்றின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவு ஆகியவையே அவர் போகுமிடங்கள். இதை அந்த மாணவரின் ஆசை, அவர் வீட்டாரின் கணக்கு என்று மட்டும் விளக்கிவிட முடியாது. எந்தக் கதவு அகலத் திறந்திருக்கும், எது ஒருக்களித்திருக்கும், எது சாத்தியிருக்கும் என்பது அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முடிவாகிவிட்டது.

1. கம்பவுண்டர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் வங்காளத்திலும் மருந்து கலப்போருக்கான பயிற்சிகள் தொடங்கின. பட்டம் தருவது அவற்றின் நோக்கமன்று. மருத்துவருக்குத் தேர்ந்த துணையாள் ஒருவரை உருவாக்குவதே நோக்கம். அத்துணையாளுக்கு வாய்த்த பெயர் 'கம்பவுண்டர்'. மருந்துகளைக் கூட்டிக் கலத்தல் என்னும் ஆங்கில வினையிலிருந்து பிறந்த இச்சொல் தமிழ், இந்தி, வங்காளம் எனப் பல மொழிகளுக்குள்ளும் அப்படியே நுழைந்து தங்கிவிட்டது. செய்யும் வேலையே ஆளின் பெயராயிற்று.

அந்த வேலையும் கைத்திறன் மிக்கதாகவே இருந்தது. கம்பவுண்டர் சீட்டைப் பார்த்துக் கலவை மருந்தைப் புட்டியில் ஊற்றினார். வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டப் பக்கவாட்டில் அளவுத் தாளை வெட்டி ஒட்டினார். பொடியை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். களிம்பை அரைத்து டப்பியில் அடைத்தார். சிற்றூர்களில் மருத்துவர் இல்லாத வேளைகளில் அவரே மருத்துவராகவும் ஆனார். ஆயினும் அவரைக் கட்டுப்படுத்தும் சட்டமோ, அவர் பெயரைத் தாங்கும் பதிவேடோ நாடு தழுவிய அளவில் இருக்கவில்லை. மருந்தின் தரத்துக்கும் அவ்வாறே காப்பு இல்லை. போலி குயினைன் உள்ளிட்ட தரக்கேடான மருந்துகள் சந்தையில் பெருகியதைத் தொடர்ந்து, 1930இல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மருந்துகளுக்குச் சட்டம் வேண்டும், மருந்தாளுநர் தொழிலுக்கு ஒழுங்குமுறை வேண்டும், முறையான கல்வி வேண்டும் என்று அக்குழு 1931இல் பரிந்துரைத்தது.

அப்பரிந்துரைகளுள் முதலில் உயிர் பெற்றது கல்வி. அது உயிர் பெற்ற இடமும் முறையும் பின்வந்த அனைத்தையும் பாதித்தன.

2. பனாரஸ்

1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல் ஒரு பட்டப் படிப்புப் பாடமாக அறிமுகமானது. 1937இல் அது மூன்றாண்டு பி.ஃபார்ம். படிப்பாக வளர்ந்தது. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் மகாதேவ லால் ஷ்ராஃப். பீகாரின் தர்பங்காவில் பிறந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயின்று திரும்பிய அவர், கம்பவுண்டர் மரபிலிருந்து வந்தவரல்லர். மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு அவர் கட்டியெழுப்பிய துறை மருத்துவமனையின் மருந்தறைக்கு ஆள் அனுப்பும் துறையாக அமையவில்லை. வேதியியலும் பகுப்பாய்வும் உற்பத்தியும் அதன் தூண்கள்.

அக்காலத்துக்கு அது இயல்பான தெரிவே. கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயின் வங்காள கெமிக்கல், 1907இல் பரோடாவில் தொடங்கிய அலெம்பிக், 1935இல் பம்பாயில் க்வாஜா அப்துல் ஹமீது தொடங்கிய சிப்லா என்று சுதேசி மருந்துத் தொழில் தலையெடுத்த காலம் அது. இறக்குமதியை நம்பிய நாட்டுக்கு மருந்து செய்யத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கொடுக்கத் தெரிந்தவர்கள் கம்பவுண்டர் வடிவில் ஏற்கெனவே இருந்தார்கள், அல்லது இருப்பதாகக் கருதப்பட்டார்கள்.

ஆகவே இந்தியாவில் மருந்தியல் பட்டம் பிறக்கும்போதே தொழிற்சாலையை நோக்கிப் பிறந்தது. நோயாளியின் முன்னால் நிற்பவருக்கான கல்வி அதற்குக் கீழே, வேறொரு படிக்கட்டில் விடப்பட்டது.

3. சட்டத்தின் நான்கு வினைகள்

1940இல் மருந்துகள் சட்டமும் 1945இல் அதன் விதிகளும் வந்தன. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை மருந்தியல் கல்வியை மூன்று அடுக்குகளாகக் கண்டது: உரிமம் பெற்ற மருந்தாளுநர், பட்டதாரி மருந்தாளுநர், மருந்துத் தொழில்நுட்பவியலாளர். மூவருக்கும் தனித்தனிப் பயிற்சி என்பது மூவருக்கும் தனித்தனிப் பணி என்பதையும் குறிப்பால் உணர்த்தியது.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் அந்த மூன்று அடுக்குகளையும் ஒரே பதிவேட்டில் கரைத்தது. பதிவுபெற்ற மருந்தாளுநர் என்ற ஒற்றைத் தகுதியே எஞ்சியது. முதற் பதிவேட்டில் பட்டதாரியும் இடம்பெறலாம். குறிப்பிட்ட ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவமுள்ள கம்பவுண்டரும் இடம்பெறலாம். பழைய தொழிலாளர்களைத் தெருவில் விடாத ஏற்பாடு அது. மனிதாபிமானமும் நடைமுறை அறிவும் அதில் உண்டு. ஆனால் 1953இல் வந்த கல்வி ஒழுங்குமுறைகளின் வழியே டிப்ளமோவே பதிவுக்கான குறைந்தபட்சத் தகுதியாக நிலைபெற்றபோது, பட்டத்துக்குப் பதிவேட்டில் தனி இடம் எதுவும் இல்லாமற் போனது. இன்றும் டி.ஃபார்ம். முடித்தவரும் பி.ஃபார்ம். முடித்தவரும் ஒரே பதிவேட்டில், ஒரே தகுதியில், ஒரே உரிமையோடு நிற்கிறார்கள்.

அந்த உரிமை என்ன? சட்டத்தின் 42ஆம் பிரிவு அதை நான்கு வினைகளால் வரையறுக்கிறது. மருத்துவரின் சீட்டுக்கு மருந்தைக் கூட்டுதல், ஆயத்தம் செய்தல், கலத்தல், வழங்குதல் ஆகியவற்றைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறெவரும் செய்யலாகாது என்பது அதன் சாரம். மருத்துவர் தம் சொந்த நோயாளிகளுக்குத் தாமே மருந்து கொடுப்பதற்கு உடனேயே விலக்கும் அளிக்கப்பட்டது. இப்பிரிவு நாடு முழுவதும் நடைமுறைக்கு வருவதற்கும் வெகுகாலம் பிடித்தது. தேதியை மாநிலங்களே குறிக்கலாம் என்றிருந்த நிலை மாறி, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேதி குறிக்காத மாநிலங்களிலும் அது 1984இல் தானாக நடப்புக்கு வந்தது.

நான்கு வினைகளுள் முதல் மூன்றும் ஏறத்தாழ ஒரே செயலின் சாயல்கள். 1948இல் அவை மருந்துக் கடையின் உள்ளறையில் நாள்தோறும் நிகழ்ந்தவை. சட்டம் நாடெங்கும் நடப்புக்கு வந்த 1984இல் அவை அங்கே அநேகமாக இல்லை.

4. வினைகள் இடம்பெயர்ந்தன

1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. 1961இல் உருவான ஐ.டி.பி.எல். ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் ஆலைகளைக் கட்டியது. மாத்திரையும் காப்ஸ்யூலும் ஊசிமருந்தும் ஆலையிலிருந்தே அடைக்கப்பட்டு வந்தன. கலவை மருந்துப் புட்டி மெல்ல மறைந்தது. பின்பு 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வந்தது. 1972இல் நடப்புக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்ற அதன் நிலைப்பாடு, வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவருக்குப் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது. ஐ.டி.பி.எல். ஆலையில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் ஐதராபாத்தில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று மலிவு விலைப் பொது மருந்துகளுக்கு அந்நாட்டுச் சந்தையின் வாயிலை அகலமாக்கியது. பனாரஸில் ஷ்ராஃப் விதைத்த தொழிற்சாலை நோக்கிய பட்டத்துக்கு ஏற்ற தொழிற்சாலை இப்போது கிடைத்தது.

கூட்டுதல், ஆயத்தம் செய்தல், கலத்தல் ஆகிய மூன்று வினைகளும் ஆலைக்குப் போயின. பட்டதாரி அவற்றின் பின்னால் போனார். இதை ஆசை என்றும் சொல்லலாம். படித்த பாடம் போன இடத்துக்கு ஆள் போவது என்றும் சொல்லலாம்.

ஆனால் ஆலையும் அவருக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை. மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடுவோரின் தகுதியைச் சொல்லும் 71ஆம் விதி, பதினெட்டு மாத அனுபவமுள்ள மருந்தியல் பட்டதாரியை ஏற்கிறது. மூன்றாண்டு அனுபவமுள்ள வேதியியல் பட்டதாரியையும் ஏற்கிறது. பட்டத்தின் சட்டப்பூர்வ மதிப்பு, அவ்விதியின்படி, ஒன்றரை ஆண்டு அனுபவச் சலுகை மட்டுமே. பகுப்பாய்வுக் கூடத்திலும் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவரோடு அவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி வேலைக்கோ எந்தப் பட்டமும் போதும். ஆலைகள் பத்தி, அங்கலேஷ்வர், ஜீடிமெட்லா போன்ற தொழிற்பேட்டைகளில் குவிந்திருப்பதால், ஊரைவிட்டுப் போக முடியாதவருக்கு, குறிப்பாக இரவு முறைப் பணிக்கு வீட்டின் இசைவு கிடைக்காத பெண்ணுக்கு, திறந்த அந்தக் கதவும் பாதியே திறக்கிறது. கருத்தாய்வில் 'குடும்பத்தின் விருப்பம்' என்ற பெட்டியில் விழும் குறிகளுள் சில உண்மையில் தொழிற்சாலையின் இருப்பிடத்தைப் பற்றியவை.

5. வழங்குமிடம்

நான்காம் வினையான 'வழங்குதல்' கடையிலேயே தங்கிவிட்டது. அதற்கு என்ன நேர்ந்தது என்பதை 65ஆம் விதியில் காணலாம். மருந்துச் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே தர வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் தரப்பட வேண்டும். 'மேற்பார்வை' என்ற அந்தச் சொல்லுக்குள் நாடெங்கும் நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே: சுவரில் மாட்டிய சான்றிதழில் ஒருவர் பெயர், கல்லாவுக்குப் பின்னால் வேறொருவர் கை. சான்றிதழை மாத வாடகைக்கு விடும் வழக்கம் பல மாநிலங்களில் வேரூன்றியது.

கடைக்காரரின் கணக்கும் எளிமையானது. உரிமத்துக்கு ஒரு பெயர் தேவை. டிப்ளமோக்காரரின் பெயர் அதற்குப் போதும். பட்டதாரியின் பெயர் கூடுதலாக எதையும் தருவதில்லை. நோயாளியிடம் பேசுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வருமானம் விற்ற மருந்தின் இலாபத்திலிருந்தே வருகிறது. அப்படியிருக்க, நான்காண்டுப் படிப்புக்கு இரண்டாண்டுப் படிப்பைவிடக் கூடுதல் ஊதியம் கடையில் எங்கிருந்து வரும்? சொந்தக் கடை வைக்க முதலுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டுமே சில்லறை வணிகம் ஒரு தேர்வாகிறது.

இதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளி. இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில், கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் நிற்பதில்லை. நின்றிருக்கக் கூடியவரோ எங்கோ ஓர் ஆலையில் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

6. கல்லூரிகள் கல்லூரிகளுக்காக

1987ஆம் ஆண்டின் ஏ.ஐ.சி.டி.இ. சட்டம் மருந்தியலையும் தொழில்நுட்பக் கல்வியின் வரையறைக்குள் கொண்டுவந்தது. பொறியியல் கல்லூரிகளின் பெருக்கத்தோடு மருந்தியல் கல்லூரிகளும் பெருகின. பட்டதாரிகள் கூடக் கூட, பட்டத்தின் எடை குறைந்தது. பி.ஃபார்மால் ஆகாதது எம்.ஃபார்மால் ஆகும் என்ற நம்பிக்கை பரவியது. அதற்கான நுழைவாயிலாக 2010இல் ஜி-பாட் தேர்வு வந்தது. அதில் தேர்ச்சி பெற்று அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேரம் படிப்போருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. தொடக்க நிலை வேலையின் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே பல மாணவர்கள் மேற்படிப்பை முடிவு செய்கிறார்கள். இதை 'ஆராய்ச்சி ஆர்வம்' என்று பதிவு செய்வது வினாத்தாளின் வசதி.

எம்.ஃபார்ம். முடித்தவருக்கு உறுதியாகக் காத்திருந்த வேலை ஆசிரியப் பணி. புதிய கல்லூரிக்கு ஆசிரியர் தேவை, ஆசிரியருக்கு எம்.ஃபார்ம். தேவை; எம்.ஃபார்முக்குக் கல்லூரி தேவை. கல்வி தன் விளைச்சலைத் தானே உண்டு வளர்ந்தது. நிலைமையை உணர்ந்த இந்திய பார்மசி கவுன்சில், 2020–21 தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் புதிய கல்லூரிகள் வேண்டாம் என்று 2019இல் முடிவெடுத்தது. கல்வி நிறுவனம் தொடங்கும் உரிமையைச் சட்டத்தால் மட்டுமே கட்டுப்படுத்தலாம், நிருவாகத் தீர்மானத்தால் கட்டுப்படுத்த இயலாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அத்தடை வீழ்ந்தது. முன்னதாக 2020இல், மருந்தியல் கல்வியின் மீது அதிகாரம் ஏ.ஐ.சி.டி.இ.க்கு இல்லை, கவுன்சிலுக்கே என்றும் அதே நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாயிற்று. பட்டதாரி எங்கே போவார் என்ற கேள்வி அவ்வழக்குகளின் எழுவினாவாக இருக்கவில்லை.

7. ஐந்தாம் வினை

2008இல் ஃபார்ம்.டி. வந்தது. ஐந்தாண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையோடு இணைப்பு. ஷ்ராஃபின் காலத்தில் கீழ்ப் படிக்கட்டில் விடப்பட்ட நோயாளி, எழுபது ஆண்டுகளுக்குப் பின் பாடத்திட்டத்தின் நடுவே வந்தார். வெளிநாட்டுக் காரணமும் இருந்தது. 2003க்குப் பின் பட்டம் பெறும் அயல்நாட்டு மருந்தாளுநர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும் என்று அமெரிக்கத் தகுதிமுறை மாற்றப்பட்டதால், நான்காண்டு பி.ஃபார்முக்கு அந்நாட்டு வாயில் அடைபட்டிருந்தது.

2015இல் வெளியான மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமைகளுள் ஒன்றாக்கின. 1948இன் நான்கு வினைகளோடு 'அறிவுறுத்துதல்' என்ற ஐந்தாம் வினை அவ்வாறு சேர்ந்தது.

ஆனால் வினையைச் சேர்த்தவர்கள் அதற்கான எழுவாயை நியமிக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை சார்ந்த மருந்தாளுநர் என்ற தனிப் பதவி பரவலாக உருவாக்கப்படவில்லை. தனியார் மருத்துவமனைகளிலும் அவர் ஈட்டித் தரும் வருமானம் கணக்கேட்டில் தெரிவதில்லை. தவிர்க்கும் தீங்கோ எந்த ஏட்டிலும் தெரிவதில்லை. ஆறாண்டுகள் படித்து வார்டில் பழகிய இளைஞர்களில் பலர், ஐதராபாத், பெங்களூரு, சென்னை அலுவலகங்களில் வேறு நாட்டு நோயாளிகளுக்கு நேர்ந்த பக்கவிளைவு அறிக்கைகளைத் தரப்படுத்தும் வேலையில் அமர்கிறார்கள். பயின்ற அறிவு அங்கே பயன்படவே செய்கிறது. ஆனால் அதன் பயனாளி எதிரே இருப்பதில்லை.

8. பாட்னா, 2025

இந்த வரலாறு முழுவதும் ஒரே வழக்கில் திரண்டு நின்ற காட்சியைப் பீகாரில் காணலாம். அரசு மருந்தாளுநர் பணிக்கு டி.ஃபார்ம். கட்டாயத் தகுதி என்று அம்மாநிலப் பணி விதிகள் கூறின. டிப்ளமோ இல்லாத பி.ஃபார்ம். பட்டதாரிகள் நீதிமன்றம் சென்றார்கள். உயர்ந்த படிப்பு படித்தவருக்குத் தாழ்ந்த படிப்பின் வேலை ஏன் மறுக்கப்படுகிறது என்பது அவர்களது கேள்வி. 2025இல் பாட்னா உயர் நீதிமன்றம் விதியைச் செல்லத்தக்கதென்றது. டிப்ளமோவில் 500 மணிநேரக் கட்டாய மருந்தறைப் பயிற்சி உண்டு, பட்டப் படிப்போ தொழிற்துறையையும் ஆராய்ச்சியையும் நோக்கியது என்ற வேறுபாடு அங்கே ஏற்கப்பட்டது.

ஷ்ராஃப் பிறந்த மாநிலத்தில், அவர் தொடங்கி வைத்த பட்டத்தின் இயல்பையே காரணமாகக் காட்டிப் பட்டதாரிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாடத்திட்டங்களை வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் கண்ட வேறுபாடு உண்மையானதே. அவ்வேறுபாட்டை உருவாக்கியவர்கள் வழக்குத் தொடுத்த இளைஞர்கள் அல்லர் என்பதும் உண்மையே.

போர் குழு 1946இல் எண்ணிய மூன்று அடுக்குகளுள், நடு அடுக்கான பட்டதாரி மருந்தாளுநருக்குப் படிப்பு கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. அந்த இடைவெளி நிரப்பப்படாதவரை, ஊதியமா, ஆர்வமா, குடும்பமா என்று மாணவரைக் கேட்டுப் பெறும் விடைகள் அவருடைய மனத்தைவிட அந்த இடைவெளியையே மிகுதியாக அளக்கும். பணித்தேர்வை ஆராய விழைவோர் வினாத்தாள் வகுக்குமுன் தம் மாநிலத்தின் மருந்தாளுநர் பணி விதிகளையும், அரசு மருத்துவமனைகளின் அனுமதிக்கப்பட்ட பணியிடப் பட்டியலையும் எடுத்துப் படிப்பது நன்று. ஆறாண்டு படித்தவருக்கு அப்பட்டியலில் ஒரு வரியேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்குப் பின்னரே தொடங்குகின்றன.